பேராக் மாநிலத்தில் தமிழர் துறவு மரபு

பேராக் மாநிலத்தில் தமிழர் துறவு மரபு என்பது, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் குடியேறிய தமிழரிடையே வளர்ந்த இந்து சமயத் துறவு நெறிகளையும், அந்நெறிகளில் நின்ற அடியார்களையும், அவர்களைப் போற்றிய வழிபாட்டு வடிவங்களையும் குறிக்கும். ஈப்போவின் சுண்ணாம்புக் கல் குகைகளும், தாப்பாவிலுள்ள ஜெகநாத சுவாமிகளின் சமாதிக் கோயிலும், ரப்பர் தோட்டக் கோயில்களில் வளர்ந்த விரத நோன்புகளும் இம்மரபின் முதன்மையான அடையாளங்கள். நிலமும் அரசு ஆதரவும் பெற்ற திருமடங்கள் தமிழ்நாட்டுத் துறவைத் தாங்கி நின்றன. பேராக்கிலோ அத்தகைய மடங்கள் வேரூன்றாததால், நாட்கூலி பெற்ற தோட்டத் தொழிலாளரும் சிறுவணிகரும் எழுத்தர்களுமே அப்பொறுப்பை ஏற்றனர். இல்லறத்தாரின் உழைப்பில் நிலைபெற்ற துறவு என்பதே இம்மரபின் தனித்தன்மை.

துறவு மரபின் வேர்கள்

இந்தியத் துறவு மரபின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று இருக்கு வேதத்தின் 10-ஆம் மண்டலத்தில் உள்ளது. நீண்ட சடையும் அழுக்கேறிய ஆடையும் கொண்டு அலையும் முனிவன் ஒருவனை அதன் 136-ஆம் பாடல் வருணிக்கிறது. உபநிடத காலத்தில் வேள்வியைவிட உள்முக அறிவுக்கு ஏற்றம் தரப்பட்டது. அதனை ஒட்டிய காலத்தில் சமணரும் பௌத்தரும் ஆசீவகரும் வீடு துறந்து வாழ்வதையே சமய வாழ்வின் உச்சமாக வைத்தனர். பிற்கால அறநூல்கள் மாணவப் பருவம், இல்லறம், வனவாசம், துறவு என வாழ்வை நான்கு நிலைகளாக வகுத்துத் துறவை அவற்றின் இறுதியில் நிறுத்தின. ஆதிசங்கரர் பெயரால் வழங்கும் தசநாமி மரபு, துறவியரைப் பத்துப் பெயர்ப் பிரிவுகளின் கீழ் ஒழுங்குபடுத்தியது.

தமிழகத்தில் துறவின் தொடக்கச் சான்றுகள் குகைகளில் கிடைக்கின்றன. மதுரையைச் சுற்றியுள்ள மாங்குளம் முதலிய குன்றுகளில் துறவியர்க்குக் கற்படுக்கைகள் வெட்டிக் கொடுத்தோரின் பெயர்கள், கிறித்துவுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளன. திருக்குறள் நீத்தார் பெருமையை மூன்றாவது அதிகாரமாகவே வைத்து, தவத்துக்கும் துறவுக்கும் தனி அதிகாரங்கள் வகுத்துள்ளது. தவத்தை அடுத்தே கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தை அமைத்து, தவவேடத்தில் மறைந்து தீயொழுக்கம் பேணுவோரைக் கடிந்தது. எனவே உண்மைத் துறவியைப் போற்றுவதும் போலித் துறவியைக் கண்டிப்பதும் தமிழ் மரபில் ஒருங்கே தோன்றியவை.

சைவத்தில் திருமூலரும் சித்தர்களும் உடலையே தவத்தின் களமாகக் கொண்டனர். பட்டினத்தாரும் தாயுமானவரும் துறவின் பாடல் மரபை வளர்த்தனர். திருவாவடுதுறை, தருமபுரம் முதலிய ஆதீனங்கள் துறவை நிறுவனமாக்கின. வடலூர் வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் (1823–1874) இம்மரபுக்குப் புதிய திசை காட்டினார். 1865-இல் சன்மார்க்க சங்கத்தையும், 1867-இல் பசித்தோர்க்கு உணவளிக்கும் தருமச்சாலையையும், 1872-இல் ஒளி வழிபாட்டுக்குரிய சத்திய ஞான சபையையும் அவர் நிறுவினார். சாதி வேறுபாட்டை மறுத்து, உயிர்களிடத்துக் காட்டும் இரக்கமே கடவுள் வழிபாட்டின் திறவுகோல் என்ற அவருடைய கொள்கை, கடல் கடந்த தொழிலாளரிடத்தும் சென்று சேர்ந்தது.

பேராக்கிற்கு வந்த தமிழரும் அவர்தம் சமயமும்

பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயமும், கீழ்ப் பேராக், கிரியான் பகுதிகளில் கரும்பும் முதலில் தொழில் வளம் தந்தன. கோலகங்சாரில் 1877-இல் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகள் பின்னாளில் மாநிலமெங்கும் பரவிய பால்மரத் தோட்டங்களுக்கு முன்னோடியாயின. 1885-இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே மலாயாவின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இத்தொழில்களுக்காகத் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து 1910-இல் ஒழிக்கப்பட்ட ஒப்பந்த முறையிலும், கங்காணி முறையிலும் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். கங்காணி என்பவர் தம் ஊரிலிருந்தே ஆள்களைத் திரட்டி வந்து மேற்பார்வை செய்த தலைவர். கங்காணி முறை 1938-இல் முடிவுற்றது. இருப்புப்பாதை, அரசு அலுவலகப் பணிகளுக்கு யாழ்ப்பாணத் தமிழர் பலர் வந்தனர்.

ஒவ்வொரு தோட்டத்திலும் லயம் எனப்பட்ட வரிசை வீடுகளுக்கு அருகே மாரியம்மனுக்கோ முருகனுக்கோ ஒரு கோயிலும், எல்லையில் முனீசுவரர் போன்ற காவல் தெய்வத்துக்கு ஒரு மேடையும் எழுந்தன. பூசையைப் பெரும்பாலும் பண்டாரங்களே நடத்தினர். பண்டாரம் என்பது பூக்கட்டுதல், கோயில் பூசை ஆகியவற்றைச் செய்துவந்த பிராமணரல்லாத சைவப் பூசகரைக் குறிக்கும் பெயர். இரந்துண்டு வாழும் சைவத் துறவிக்கும் அதே பெயர் வழங்கியது. ஊர் ஊராகச் சென்று திருநீறு தந்து, மந்திரித்து, வாக்குச் சொன்ன பரதேசிகளையும் சாமியார்களையும் தொழிலாளர் தம் வாசலில் வரவேற்று உணவளித்தனர். விடியலில் பெரட்டு எனப்பட்ட ஆள்கணக்கெடுப்பில் தொடங்கி, பால்வெட்டிலும் பால் சேகரிப்பிலும் கழிந்த வாழ்வில், கிராணி எனப்பட்ட எழுத்தருக்கும் துரை எனப்பட்ட தோட்ட மேலாளருக்கும் கட்டுப்படாத ஒரு மனிதரைக் காண்பதே அவர்களுக்கு மதிப்புணர்வைத் தந்தது.

ஈப்போவின் குகைகள்

கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள் இயற்கையான குகைகளைக் கொண்டவை. சீன பௌத்தரும் தாவோ சமயத்தினரும் தங்கள் கோயில்களை இக்குகைகளில் அமைத்தனர். தமிழரும் தனிமையும் குளிர்ச்சியும் நாடிய அடியார்க்கேற்ற இடமாக அவற்றைக் கண்டனர். ஈப்போ நகரின் குனோங் சேரோவில் 1889-இல் தோன்றியதாகக் கொள்ளப்படும் சுப்பிரமணியர் கோயில், கல்லுமலைக் கோயில் என மக்களால் அழைக்கப்படுகிறது. தொடக்கத்தில் குகைக்குள் நடந்த வழிபாடு, பாறை சரியும் அச்சத்தால் பின்னர் வெளியே கட்டப்பட்ட கோயிலுக்கு மாற்றப்பட்டது. அவ்வச்சம் ஆதாரமற்றதன்று, 1973 அக்டோபரில் இதே குன்றில் நேர்ந்த பாறைச் சரிவில் சுமார் 40 பேர் உயிரிழந்தனர்.

கல்லுமலையில் குடிகொண்ட முருகனே தமிழர் வழிபாட்டில் துறவின் வடிவமாகவும் விளங்குபவன். பழனியில் அவன் கோவணமும் தண்டமும் தாங்கிய ஆண்டிக் கோலத்தில் காட்சி தருகிறான். உலகைத் துறந்த நிலையில் நிற்கும் அத்தெய்வத்தை வழிபட, அடியாரும் சில நாள்கள் உலகைத் துறக்க வேண்டும் என்னும் எண்ணமே பேராக்கில் மிகப் பரவலான துறவு வடிவத்துக்கு அடித்தளமாயிற்று.

விரதமாக வந்த துறவு

தை மாதப் பூச நாளில் முருகனுக்குக் காவடி எடுப்போர், அதற்கு முன் ஒரு மண்டலம் எனப்படும் 48 நாள்களோ, அதனினும் குறைந்த நாள்களோ நோன்பிருப்பர். புலாலும் மதுவும் நீக்கி, ஒரு வேளை உண்டு, தரையில் படுத்து, இல்லற உறவைத் தவிர்த்து, மஞ்சள் ஆடை உடுத்து, வீண் பேச்சைக் குறைத்து வாழ்வது அந்நோன்பின் முறை. நோன்பிருப்பவரை வயதில் மூத்தோரும் ‘சாமி’ என்றே அழைப்பர். பூச நாளன்று பால்குடம் ஏந்தியோ, உடலில் அலகு குத்திக் காவடி சுமந்தோ நேர்த்திக்கடனை நிறைவேற்றிய பின் அவர் மீண்டும் தம் தொழிலுக்குத் திரும்புவார். ஈப்போவில் இவ்வூர்வலம் புந்தோங் பகுதியிலிருந்து கல்லுமலைக் கோயிலை நோக்கிச் செல்கிறது. பேராக்கில் தைப்பூசம் மாநில விடுமுறை நாளாகவும் உள்ளது.

முழுநேரத் துறவு பூணக் குடும்பப் பொறுப்பும் கடனும் இடம் தராத தொழிலாளிக்கு, ஆண்டுக்கொரு முறை ஏற்கும் இந்நோன்பு துறவின் மேன்மையை நேரடியாக உணரும் வாய்ப்பாக அமைந்தது. தோட்டத்தில் வெறும் ஆள் எண்ணாகக் கருதப்பட்டவர், நோன்பு நாள்களில் பிறர் தம் காலில் விழுந்து வணங்கும் தகுதியைப் பெற்றார். சாதியும் தொழில்நிலையும் அந்நாள்களில் முற்றும் மறையாவிடினும், அவற்றைக் கடந்த ஒரு மதிப்பு உண்டென்பதை இவ்விரதம் ஆண்டுதோறும் ஊரறியக் காட்டியது.

தாப்பா ஜெகநாத சுவாமிகள்

பேராக்கில் வாழ்ந்து சமாதியடைந்த துறவியருள் மிகவும் அறியப்பட்டவர் ஜெகநாத சுவாமிகள். அடியார் மரபில் வழங்கும் வரலாற்றின்படி, அவர் 1814-இல் ஒடிசாவின் பூரியில் பிறந்து, இளமையிலேயே வீட்டைவிட்டு நீங்கி, பர்மா வழியாக மலாயாவை அடைந்தவர். சிதம்பரம் பகுதிக்குச் சென்று வள்ளலாரிடம் அருள் பெற்று மீண்டும் மலாயாவுக்குத் திரும்பியவர். தாப்பாவில் நெடுங்காலம் எளிய வாழ்வு வாழ்ந்த அவர் 1959-இல் சமாதியடைந்தார். அவர் 145 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது இம்மரபின் நம்பிக்கை. நீண்ட ஆயுளைத் தவத்தின் பயனாகக் கருதும் சித்தர் நெறியின் பார்வையோடு இந்நம்பிக்கை முழுதும் பொருந்துகிறது.

துறவியின் உடலை எரிக்காமல் அமர்ந்த நிலையில் அடக்கம் செய்வது சைவ மரபு. திருமந்திரத்தின் ஏழாம் தந்திரம் அதற்குரிய முறைகளை விரித்துரைக்கிறது. குழியில் திருநீறு முதலிய பொருள்களை நிரப்பி, மேலே இலிங்கம் நிறுவி, ஆண்டுதோறும் குருபூசை நடத்துவர். ஞானியின் உயிர் அவ்விடத்தை விட்டு நீங்குவதில்லை என்ற நம்பிக்கையால் அது ஜீவசமாதி எனப்படும். தாப்பாவிலும் சுவாமிகளின் சமாதி சிவாலயமாக வளர்ந்தது. 1965-இல் நிறுவப்பட்ட மலேசிய இந்து சங்கம் அதனைப் பேணிவருகிறது. குருபூசையில் கலந்துகொள்வோர்க்கு அன்னதானம் வழங்குவது, வடலூரில் தொடங்கிய பசிதீர்க்கும் அறத்தின் தொடர்ச்சியாகவே கருதப்படுகிறது.

சுவாமிகளின் சீடருள் ஒருவரான சித்திரமுத்து அடிகளார், இராமநாதபுரம் மாவட்டத்துப் பனைக்குளத்தைச் சேர்ந்தவர். மலாயாவில் வாழ்ந்தபோது சுவாமிகளைக் குருவாக ஏற்று, உயிர்க்கருணையையும் புலால் மறுத்தலையும் பரப்பினார். தமிழகத்தில் பிறந்த ஒருவர் தம் குருவைப் பேராக்கில் கண்டடைந்தார் என்பது, துறவு மரபு தாயகத்திலிருந்து ஒரு திசையில் மட்டும் பாயவில்லை என்பதைப் புலப்படுத்துகிறது.

தொண்டும் சீர்திருத்தமும்

20-ஆம் நூற்றாண்டில் இந்தியத் துறவு சமூகத் தொண்டை நோக்கித் திரும்பியது; பேராக்கிற்கு வெளியே மலாயாவின் பிற பகுதிகளிலும் இத்திருப்பம் தெரிந்தது. 1893-இல் சிகாகோ செல்லும் வழியில் பினாங்கைக் கடந்து சென்ற விவேகானந்தரின் கருத்துகள், மலாயாவின் கற்ற தமிழரிடையே பரவின. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் 1904-இல் விவேகானந்தா ஆசிரமம் தோன்றியது. பத்தமடையில் பிறந்த குப்புசாமி என்ற மருத்துவர் 1913 முதல் சுமார் பத்தாண்டுகள் மலாயாவில், சிரம்பான் பகுதித் தோட்ட மருத்துவமனை உள்ளிட்ட இடங்களில் தொழிலாளர்க்குச் சிகிச்சை அளித்தார். தாயகம் திரும்பி 1924-இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு, சிவானந்தர் என்னும் பெயரில் 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுவாமி சத்தியானந்தர் கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தைத் தொடங்கி, ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லமும் கல்வியும் அளித்தார். அவர் 1961-இல் மறைந்த பின், அன்னை மங்களம் (1926–2023) தம் வாழ்நாள் முழுவதையும் அப்பணிக்கே அளித்து, ஆண்களே நிறைந்திருந்த துறவு வரலாற்றில் பெண்ணின் இடத்தை உறுதிப்படுத்தினார்.

சாமியார் மரபு மீது கடும் விமர்சனமும் பேராக் மண்ணிலேயே ஒலித்தது. 1929 டிசம்பரில் ஈப்போவில் கூடிய அகில மலாயா தமிழர் சீர்திருத்த மாநாட்டில் பெரியார் ஈ.வெ.ரா. கலந்துகொண்டார். அவருடைய சுயமரியாதை இயக்கத்தினர், உழைத்துச் சேர்த்த பணம் சடங்கிலும் மந்திரத்திலும் வீணாவதைச் சுட்டி, கல்வியையும் சாதி ஒழிப்பையும் வலியுறுத்தினர். பகுத்தறிவு நோக்கில் எழுந்த இக்கண்டனம், சமயத்துக்குள்ளிருந்தே கூடாவொழுக்கத்தைக் கடிந்த குறள் மரபோடும், சடங்குகளை மறுத்த சித்தர், வள்ளலார் மரபுகளோடும் பல இடங்களில் ஒத்துச்சென்றது. சமய அமைப்புகள் திருமுறை வகுப்புகளிலும் கல்வியிலும் அறப்பணியிலும் நாட்டம் செலுத்தவும் அது தூண்டுகோலாயிற்று.

தோட்டங்கள் மறைந்த பின்

1950-களிலிருந்து ஐரோப்பிய நிறுவனங்களின் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டதும், பின்னர் ரப்பருக்கு மாற்றாகச் செம்பனை பரவியதும், நிலங்கள் வீடமைப்புக்கு மாறியதும் தொழிலாளரை நகரங்களை நோக்கித் தள்ளின. தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ளச் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, தொழிலாளரே நிலத்துக்கு உரிமையாளராகும் வழியைத் திறந்தது. எனினும் பல தோட்டக் கோயில்கள் இடம் பெயர்ந்தன, சில மறைந்தன. நிலப்பத்திரமில்லாத எல்லைச் சாமி மேடைகளும், பெயர் தெரியாத பண்டாரங்களும் பரதேசிகளும் வாழ்ந்து மறைந்த இடங்களும் அவற்றோடு நினைவிலிருந்து நீங்கும் நிலையில் உள்ளன.

ஆலயத் திருக்குடமுழுக்கு மலர்கள், குருபூசை அழைப்பிதழ்கள், தோட்டங்களில் வாழ்ந்த முதியோரின் வாய்மொழி நினைவுகள் ஆகியவையே இவ்வரலாற்றுக்கு மூலங்கள். ஆதீனங்களின் செப்பேடுகளுக்கும் கல்வெட்டுகளுக்கும் கிடைத்த கவனம் இவற்றுக்கும் கிடைக்க வேண்டும். ஏனெனில் ஒரு வேளைச் சோற்றைப் பகிர்ந்து துறவியரைத் தாங்கிய தொழிலாளர், தம் பெயரைக் கல்லில் பொறித்துக்கொள்ளும் வசதி பெற்றிருக்கவில்லை. தாப்பாவின் குருபூசையும் கல்லுமலையின் தைப்பூசமும் இன்றும் பெருங்கூட்டத்தை ஈர்ப்பதற்கு, அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து செய்த அன்னதானமும் நோன்புமே காரணம்.