பழகிய நிகழ்பட ஆட்டங்களுக்குத் திரும்புதல்

பழகிய நிகழ்பட ஆட்டங்களுக்குத் திரும்புதல் என்பது, புதிதாக வெளிவரும் ஆட்டங்களை விடுத்து, முன்னர் ஆடித் தேர்ந்த ஓர் ஆட்டத்தையே ஒருவர் மீண்டும் மீண்டும் ஆடும் வழக்கத்தைக் குறிக்கும். இதனைப் பழைய நினைவுகளின் மீதான ஏக்கம் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. புதிய ஆட்டத்தைத் தொடங்குபவர் அதன் விசைகளையும் விதிகளையும் முதலில் கற்க வேண்டும். பழகிய ஆட்டத்தில் இவை கைவந்தவை ஆதலால், அரைமணி நேர ஓய்விலும் நிறைவாக ஆட இயலும். எனினும், படித்த புதினத்தை மீண்டும் எடுத்துப் படிப்பது போன்று இது எளிதன்று. ஆட்டம் இயங்குவதற்கு ஏற்ற கணினி வேண்டும். இணையவழி ஆட்டமாயின் நிறுவனத்தின் வழங்கிக் கணினிகளும் இயங்கிக் கொண்டிருக்க வேண்டும்.

டூம்

ஐடி சாப்ட்வேர் நிறுவனம் 1993 திசம்பரில் வெளியிட்ட டூம், பயனரின் கணினியிலேயே இயங்கும் ஆட்டமாகும். இதன் இயக்க நிரல் ஒரு கோப்பாகவும், ஆட்டக்களங்களும் படங்களும் ஒலிகளும் 'வாட்' எனப்படும் வேறொரு கோப்பாகவும் அமைந்திருந்தன. எனவே, நிரலில் கைவைக்காமலேயே புதிய களங்களை எவரும் உருவாக்க முடிந்தது. 1997 இல் மூல நிரல் வெளியிடப்பட்டதால், டாஸ் வழக்கொழிந்த பின்னரும் தன்னார்வலர்கள் அதனைப் புதிய இயங்குதளங்களுக்குக் கொண்டு சென்றனர். இவ்வாறு டூமுக்குத் திரும்பியவர்களுள் அதனை உருவாக்கியோரில் ஒருவரான ஜான் ரொமேரோவும் அடங்குவார். அவர் 2016 இல் இதற்கெனப் புதிய களமொன்றை வெளியிட்டார்.

ரூன்ஸ்கேப்

இணையவழி ஆட்டங்களின் நிலை வேறு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜாகெக்ஸ் நிறுவனத்தின் ரூன்ஸ்கேப் 2001 இல் தொடங்கியது. ஆட்டத்தின் பொற்காசுகள் உண்மைப் பணத்துக்கு விற்கப்படுவதைத் தடுக்கும் பொருட்டு, 2007 இறுதியிலும் 2008 தொடக்கத்திலும் பயனர்களுக்கிடையேயான தடையற்ற வணிகம் நிறுத்தப்பட்டது. 2011 இல் அது மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆயினும் 2012 நவம்பரில் போர்முறை அடியோடு மாற்றப்பட்டபோது பலர் விலகினர். அவர்கள் விரும்பிய ஆட்டம் எவர் கணினியிலும் இருக்கவில்லை. வழங்கியில் மாற்றினால் அனைவருக்கும் மாறிவிடும்.

2007 ஆகத்து மாதத்துக் காப்பு நகல் ஒன்று நிறுவனத்திடம் எஞ்சியிருந்தது. அதனை மீட்பதா என்று 2013 பெப்ரவரியில் பயனர்களிடையே வாக்கெடுப்பு நடைபெற்றது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆதரித்தனர். அம்மாதமே 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' தொடங்கப்பட்டது. பழைய தவறு நிகழாதிருக்க, புதிய சேர்க்கைகளுக்கு வாக்களித்தோரில் 75% பேரின் ஒப்புதல் தேவை என்று விதிக்கப்பட்டது (2022 இல் இது 70% ஆகக் குறைக்கப்பட்டது). காலப்போக்கில், மூல ஆட்டத்தை விட இதனை ஆடுவோரின் எண்ணிக்கையே மிகுந்தது. அந்த ஒரு நகல் அழிக்கப்பட்டிருப்பின் இவை எவையும் நிகழ்ந்திரா.

கிடைக்காமற் போதல்

நிகழ்பட ஆட்ட வரலாற்று அறக்கட்டளை 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010 க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களுள் 87% இன்று விற்பனையில் இல்லை. யூபிசாஃப்டின் 'தி குரூ' என்னும் மகிழுந்துப் பந்தய ஆட்டத்தின் வழங்கிகள் 2024 மார்ச்சு 31 அன்று நிறுத்தப்பட்டபோது, தனியாக ஆடக்கூடிய பகுதிகளும் இயங்காமற் போயின. விலை கொடுத்து வாங்கியவர்களாலும் அதனைத் திறக்க முடியவில்லை. இதனையடுத்து, விற்ற ஆட்டங்களை இயங்கும் நிலையில் விட்டுச் செல்ல நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் வேண்டி, ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் முன்முயற்சி ஒன்று தொடங்கப்பட்டது. 2025 சூலையில் அது பத்து இலட்சம் கையொப்பங்களைக் கடந்தது.