பலகையும் நாற்காலியும்

லாஸ் வேகாஸை அறிவுலகம் முதலில் காருக்குள்ளிருந்துதான் படித்தது. 1968ல் ராபர்ட் வெஞ்சூரியும் டெனிஸ் ஸ்காட் பிரவுனும் ஸ்டீவன் ஐஸனவரும் யேல் சர்வகலாசாலை மாணவர்களோடு அங்கு போனார்கள். 1972ல் 'லாஸ் வேகாஸிலிருந்து கற்றல்' வந்தது. நவீனக் கட்டிடக்கலையின் வறட்டுத் தூய்மைக்கு அது நேர் எதிரி. பாலைவெளியில் கட்டிடம் சிறியது, விளம்பரப் பலகை பெரியது, வேகமாக வருகிறவனோடு பேசுவது பலகைதான் என்றது. சூதாட்டத்தின் தர்மநியாயம் தங்கள் விசாரணைக்கு வெளியே என்றும் அவர்கள் வெளிப்படையாகவே எழுதினார்கள்.

இந்த நேர்மையை நான் மதிக்கிறேன். உருவத்தைப் பிரித்தெடுத்துப் பார்க்காமல் எதையும் கற்க முடியாது. ஆனால் இப்படி ஒதுக்கப்பட்டவை பிறகு இல்லாதவையாகவே ஆகிவிடுகின்றன. 1986ல் போத்ரியார் தமது 'அமெரிக்கா'வில் பாலைவனத்தின் மலட்டுத்தன்மைக்கும் சூதாட்டத்தின் மலட்டுத்தன்மைக்கும் ஒரு மர்மமான உறவைக் கண்டார். படிமம் அழகுதான். சரித்திரம் அதற்கு இடம் தரவில்லை.

ஊரின் பெயருக்கு ஸ்பானிய மொழியில் புல்வெளிகள் என்று பொருள். அங்கே ஊற்றுகள் இருந்தன, பையூட் மக்கள் இருந்தார்கள். 1905ல் ரயில் கம்பெனி மனைகளை ஏலம் விட்டது. 1931ல் நெவாடா சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. விவாகரத்துக் கோர அங்கே ஆறு வாரம் வசித்தால் போதும் என்றது. ஹூவர் அணை வேலை தொடங்கியதும் அதே ஆண்டுதான். 1951 முதல் 1962 வரை, சுமார் 65 மைல் தொலைவில், திறந்தவெளியில் அணுகுண்டுகள் வெடிக்கப்பட்டன. அந்தக் காட்சியையும் விடுதிகள் விற்றன. அணையும் சோதனைக்களமும் மத்திய அரசின் பணம். வெறுமையில் தானாக முளைத்த கனவென்று இதைச் சொல்ல முடியாது.

இன்னொன்று. பலகைகள் நிற்கும் ஸ்ட்ரிப் பெரும்பாலும் நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. நகரத்தின் வரிக்குள் சிக்காமலிருக்கவே 1950ல் 'பாரடைஸ்' என்ற பெயரில் அது தனிப் பகுதியாயிற்று. அங்கே மேடையில் பாடிய கறுப்பர்கள் பெரும்பாலும் அதே விடுதியில் அறை எடுக்க முடியாது. இரு இனத்தாரையும் சேர்த்துக்கொண்ட மூலான் ரூஜ் 1955ல் திறந்து அந்த ஆண்டே மூடிவிட்டது. 1960ல், ஊர்வலம் வரும் என்று அறிவித்த பிறகே, விடுதி முதலாளிகள் இறங்கிவந்தார்கள். யேல் மாணவர்கள் போனபோது இதற்கு எட்டு வயதுதான். எந்தப் பலகையும் அவர்களுக்கு இதைச் சொல்லியிருக்காது.

2012ல் மானிடவியலாளர் நடாஷா டௌ ஷுல் 'அடிக்‌ஷன் பை டிசைன்' எழுதினார். சூதாட்ட இயந்திரங்களின் முன் உட்கார்ந்தவர்களோடும், இயந்திரங்களை வடிவமைத்தவர்களோடும் பேசி எழுதியது. அவர் சந்தித்த பலரும் ஜெயிப்பதற்காக ஆடவில்லை. மற்றதெல்லாம் மறைந்துபோகும் ஒரு நிலையில் தொடர்ந்து இருப்பதற்காக ஆடினார்கள். நாற்காலியின் சாய்வு, வெளிச்சம், சத்தம், ஆட்டத்தின் வேகம் எல்லாம் அதற்கென்றே வகுக்கப்பட்டவை.

ஷுல் பார்த்ததும் உருவத்தைத்தான். வெஞ்சூரியின் பலகை காரை நிறுத்துகிறது. ஷுல்லின் நாற்காலி, இறங்கி உள்ளே வந்தவரை எழுந்திருக்க விடுவதில்லை. முதல் புத்தகம் வாசலோடு நின்றுவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உருவமா உள்ளடக்கமா என்று நம் சிறுபத்திரிகைகள் ஓயாமல் சண்டை போட்டிருக்கின்றன. உருவத்தை விட்டுவிடு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது ஒரு மனித உடம்பை எங்கே உட்கார்த்தி வைக்கிறது என்பதுவரை உருவத்தைப் பின்தொடர வேண்டும் என்கிறேன்.