காமிரா ஏந்திய கை

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், 1912-இல் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் கார்டன் பார்க்ஸ். அடகுக் கடையொன்றில் வாங்கிய காமிராவே அவருக்குக் கல்லூரியாயிற்று.

1942-இல் வாஷிங்டன் நகரில் உணவகமும் திரையரங்கும் நிறங்கண்டு அவருக்குக் கதவடைத்தன. அவமதிப்புக்கு அவர் காமிராவால் விடையளித்தார். அரசு அலுவலகத்தில் துப்புரவுப் பணி செய்த எலா வாட்சன் அம்மையாரைத் தேசியக் கொடியின்முன் துடைப்பத்துடன் நிறுத்திப் படமெடுத்தார்.

கறுப்பு வெள்ளைப் படம் உருவாகும் முறையையும் அறிவோம். பிலிமில் ஒளிபட்ட வெள்ளி உப்பை இருட்டறையில் டெவலப்பர் கருமையாக்கும். எஞ்சிய உப்பை ஹைப்போ கரைத்து நீக்கும். நெகட்டிவில் வெண்மை கருமையாய், கருமை வெண்மையாய்த் தலைகீழாகத் தோன்றும். தாளில் அச்சிட்டால் அவை தத்தம் இடம் சேரும்.

1948-இல் ‘லைஃப்’ இதழ் பார்க்ஸைப் பணியில் அமர்த்தியது. பிறர் தலைகீழாய்க் காட்டிய நம் வரலாற்றை நேராக்கும் கைத்திறனை நம் இளைஞரும் கற்பாராக!