யாழ்ப்பாணத்திற்கு மீண்டும் இரயில்

பிழைப்பை நாடி வடபுலத்திலே குடியேறியுள்ள நமக்கு, ஊர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஊருக்குச் செல்லும் இரயில்தான். அந்த இரயில் ஒரு நாள் நின்று, இருபத்து நான்கு ஆண்டுகள் வராமலேயே இருந்துவிட்டால்? இலங்கையின் வடபகுதி மக்களுக்கு நேர்ந்தது அதுவே.

கொழும்பிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதை 1905-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தோடு இணைந்தது. 1956-இல் ஓடத் தொடங்கிய 'யாழ் தேவி' அப்பாதையின் புகழ் பெற்ற வண்டி. உத்தியோகஸ்தர்களும் மாணவர்களும் வியாபாரிகளும் அதில் போய் வந்தனர். உள்நாட்டுப் போர் மூண்டு, 1990-இல் யாழ்ப்பாணப் போக்குவரத்து அடியோடு நின்றது. தண்டவாளங்களும் சிலீப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குக் கூரையாயின. நிலையங்கள் இடிந்தன. பாதை கிடந்த இடத்தில் காடு வளர்ந்தது; காட்டினுள்ளே கண்ணிவெடிகள் கிடந்தன.

2009-இல் போர் முடிந்தபின் இப்பாதையை மீண்டும் அமைக்கும் பொறுப்பை ஏற்றது 'இர்கான்' என்னும் இந்திய அரசாங்கக் கம்பெனி. 1976-இல் இரயில்வே அமைச்சகத்தின்கீழ்த் தோன்றிய இந்நிறுவனம், நம் இரயில்வே எஞ்சினீயர்களின் அனுபவத்தை அயல்நாடுகளுக்குக் கொண்டு சென்றது. இராக், அல்ஜீரியா, மலேசியா ஆகிய நாடுகளில் அது பணி புரிந்திருக்கிறது. எனினும் வட இலங்கையில் எதிர்ப்பட்ட வேலை வேறு வகையானது. கண்ணிவெடிகளை அகற்றிய பிறகே அங்கு மண்வெட்டியை ஊன்ற முடிந்தது. ஓமந்தையிலிருந்து பளை வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அங்கிருந்து காங்கேசன்துறை வரை 56 கிலோமீட்டர். மேற்கே மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை நூற்றுக்கும் சற்று அதிகம். கரை எழுப்பிச் சல்லி பரப்பி, கான்கிரீட் கட்டைகளின்மீது புதிய தண்டவாளம் இட்டனர். பாலங்களும் நிலையங்களும் புதிதாய் எழுந்தன.

வண்டி ஒரேயடியாக யாழ்ப்பாணத்தை எட்டிவிடவில்லை. 2013 செப்டம்பரில் கிளிநொச்சிக்கு வந்தது. 2014 மார்ச்சில் பளைக்கு. அவ்வாண்டு அக்டோபர் 13-ஆம் நாள் யாழ்ப்பாண நிலையத்தில் நுழைந்தது. இரயிலையே பார்த்தறியாத ஒரு தலைமுறை அதற்குள் அங்கே வளர்ந்துவிட்டிருந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறையும் சேர்ந்தது.

இதனை இந்தியாவின் நன்கொடை என்று சிலர் பேசுவதுண்டு. அது சரியன்று. பெரும்பகுதி கடனாகத் தரப்பட்டது. தொகை 80 கோடி டாலரை ஒட்டியது. அதை வட்டியோடு திருப்பித் தரவேண்டியவர்கள் இலங்கை மக்களே. கொடுத்த பணத்தில் கணிசமான பங்கு இந்தியக் கம்பெனியின் வேலைக்கே திரும்பி வந்தது. ஆயினும் பாதை அங்கே நிற்கிறது. அதில் மக்கள் போகிறார்கள்.

தலைமன்னார்ப் பாதையைப் பற்றியும் ஒரு சொல். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் இரயிலேறிக் கொழும்பு சேர்ந்தார். இக்கரையில் மீட்டர் கேஜ், அக்கரையில் அகலப் பாதை. எப்படியும் வண்டி மாறத்தான் வேண்டும், கடல் ஒரு சாக்கு என்று வேடிக்கையாகச் சொல்லலாம்! 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. தலைமன்னாருக்கு 2015 மார்ச்சில் இரயில் மீண்டும் ஓடியபோது, அங்கு வந்து இறங்கியவர்களை இக்கரைக்கு ஏற்றி வரக் கப்பல் எதுவும் காத்திருக்கவில்லை.