ஒரு க்ளிக்கும் நாலு கேள்வியும்

2015 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஆணையமான ட்ராய்க்கு மடல் தட்டிவிட்ட பத்து லட்சத்துச் சொச்சம் பேரில் அடியேனும் ஒருவன். இணையத்தில் எந்தத் தளத்துக்கும் தனிக் கட்டணமோ தனிச் சலுகையோ கூடாது என்பதுதான் கோரிக்கை. ட்ராய் கேட்டிருந்த 20 கேள்விகளுக்கும் தன்னார்வலர்கள் பதில் எழுதி வைத்திருந்தார்கள். படித்துப் பார்த்து அனுப்பினேன். எங்களைச் சேர்த்து வைத்தது யூட்யூபும் ட்விட்டரும் ஃபேஸ்புக்கும்தான்.

கூத்து என்னன்னா, டிசம்பரில் அதே ஃபேஸ்புக் எதிர்ப்பக்கம் நின்றது. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்துக்கு ஆதரவாக, ஒரே க்ளிக்கில் ட்ராய்க்கு மடல் அனுப்பச் சொன்னது. லட்சக்கணக்கில் குவிந்தன. ஆனால் இம்முறை கேட்ட 4 கேள்விகளுக்கு அவற்றில் பதில் இல்லை என்று ட்ராயே சொல்லிவிட்டது. 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வாங்கத் தடை வந்தது.

எங்கள் மடலும் யாரோ எழுதிக் கொடுத்ததுதாங்க. ஆனால் கேட்டதற்குப் பதில் இருந்தது. கூட்டம் சேர்ப்பது சுலபம். எதற்குச் சேர்ந்தோம் என்று சொல்லத் தெரிய வேண்டும். அடுத்த முறை வாட்ஸப்பில் "ஆதரிப்பீர்" என்று வந்தால், படித்துவிட்டு அழுத்துங்க மக்களே.