ஒரு படச்சுருளும் மூன்று வாயில்களும்: குடும்பப் பயணப் படங்களின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குள் கேமராவுக்கும் அலைபேசிக்கும் அனுமதி இல்லை. விடுமுறைக்கு வரும் குடும்பங்கள் அவற்றை வெளியே ஒப்படைத்துவிட்டே உள்ளே செல்கின்றன. ஒற்றைக்கல் மண்டபத்தில் நின்றாலும் பள்ளிகொண்ட திருமேனியை ஒரே பார்வையில் காண இயலாது. முதல் வாயிலில் திருமுகமும் சிவலிங்கத்தின் மேல் நீண்ட கையும், நடு வாயிலில் உந்தித் தாமரையும் பிரமனும், மூன்றாம் வாயிலில் திருவடிகளும் தெரிகின்றன. முழு வடிவத்தை அவரவர் மனத்தில்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இக்கட்டுப்பாடு கோயில் மரபைச் சார்ந்தது. ஆனால், பயணத்தில் படம் எடுப்பதா, கண்ணால் பார்ப்பதா என்னும் இன்றைய தடுமாற்றத்தை விளங்கிக்கொள்ள அது உதவுகிறது. ஒரு காலத்தில் இத்தகைய கட்டுப்பாடு கருவிக்குள்ளேயே இருந்தது.

1900ஆம் ஆண்டையொட்டி இந்நகரையும் திருவிதாங்கூரையும் படமெடுத்த சக்கரியாஸ் டி குரூஸ், அரசின் புகைப்படக் கலைஞர். படமெடுப்பது அன்று தொழில் வல்லுநரின் வேலை. 1888இல் 100 படங்களுக்கான சுருளோடு வந்த கோடாக் கேமராவும், 1900இல் ஒரு டாலருக்கு விற்ற பிரௌனியும் அவ்வேலையை மெல்லக் குடும்பத்தின் கைக்கு மாற்றின. நம் வீடுகளுக்கு அது பிந்தியே வந்தது. நாகர்கோவிலிலிருந்து ஒருநாள் பயணமாக வரும் குடும்பம், 36 படங்கள் கொண்ட ஒரே சுருளை மியூசியம், விலங்குக் காட்சிசாலை, கோயில் வாசல், சங்குமுகம் கடற்கரை என்று பகிர்ந்தாக வேண்டும். சுருளின் விலையும் கழுவி அச்சிடும் செலவும் கையைக் கட்டின. எஞ்சிய நேரமெல்லாம் பார்ப்பதற்கு உரியதாக இருந்தது.

எண்முறைக் கேமரா அந்த எல்லையை நீக்கியது. அதன் விளைவு பற்றிய ஆய்வுகள் ஒருமுகமானவை அல்ல. லிண்டா ஹென்கெல் 2014இல் வெளியிட்ட அருங்காட்சியக ஆய்வில், முழுமையாகப் படமெடுத்த பொருள்களைப் பங்கேற்பாளர்கள் குறைவாகவே நினைவுகூர்ந்தனர். பொருளின் ஒரு பகுதியை அணுக்கமாக்கி எடுத்தபோது அவ்விழப்பு இல்லை. கிறிஸ்டின் டீல் உள்ளிட்டோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், சுற்றுலாப் பேருந்தில் படமெடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிடக் கூடுதலாக மகிழ்ந்தனர். படமெடுப்பதே அனுபவத்திற்கு இடையூறானபோது அப்பயன் கிட்டவில்லை. இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால், கவனம் எங்கே நிற்கிறது என்பதே நினைவையும் மகிழ்வையும் தீர்மானிக்கிறது எனக் கருதலாம்.

மொழியிலும் இதற்குத் தடயம் உண்டு. தமிழில் படத்தை ‘எடுக்கிறோம்’, ‘பிடிக்கிறோம்’. மலையாளத்திலும் இவ்வினைகளே வழங்குகின்றன. நினைவையோ ‘வைத்துக்கொள்கிறோம்’. எடுப்பது நொடியில் முடியும் செயல். வைத்துக்கொள்வது தொடர்ந்து செய்ய வேண்டியது.

ஆகவே கருவி இழந்த எல்லையைக் குடும்பமே வகுத்துக்கொள்ள வேண்டியுள்ளது. நாளொன்றுக்கு 36 படங்கள் என்பது மோசமான கணக்கு அன்று. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பழைய ஆல்பங்களில் பெரும்பாலும் காணாமற்போனவர் கேமராவைப் பிடித்திருந்தவரே. அவர் அந்தப் பயணத்தில் இருந்ததற்குச் சான்று, அவர் நின்ற கோணம் மட்டுமே. கருவியைக் கைமாற்றிக்கொண்டே இருந்தால், ஒருவரே நாள் முழுவதும் அதன் பின்னால் நிற்க நேராது; அடுத்த தலைமுறை ஆல்பத்தைப் புரட்டும்போது அவருடைய முகமும் அதில் இருக்கும்.