தேஜஸ் போர் விமானம்

தேஜஸ் ஒற்றை எஞ்சின் கொண்ட பல்பணிப் போர் விமானம். இந்தியாவில் வடிவமைக்கப்பட்டு எச்.ஏ.எல். எனப்படும் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தால் தயாரிக்கப்படுகிறது. எதிரி விமானத்தை வானில் மறிப்பது, தரை இலக்குகள்மீது குண்டு வீசுவது, வேவு பார்ப்பது என வெவ்வேறு விமானங்கள் செய்துவந்த வேலைகளை இது ஒன்றே செய்யும். நீளம் 13.2 மீட்டர், நம் ஊர் அரசுப் பேருந்தைவிடச் சற்றே அதிகம். இறக்கையின் அகலம் 8.2 மீட்டர். வெற்று எடை சுமார் 6.5 டன். உலகில் இன்று பறக்கும் ஒலிமிஞ்சிய போர் விமானங்களில் மிகச் சிறியவற்றுள் இதுவும் ஒன்று.

தேஜஸின் கதையைத் தாமதத்தின் கதையாகச் சொல்வதே வழக்கமாகிவிட்டது. 1983இல் ஒப்புதல் பெற்ற திட்டம் 2016இல்தான் விமானப்படை அணியாக உருவெடுத்தது. இந்தக் கணக்கை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த 33 ஆண்டுகளும் எங்கே போயின என்று பார்த்தால், எல்லாவற்றையும் சோம்பல் தலையில் கட்டிவிட முடியாது என்பது புரியும்.

இதற்கு முன்பே இந்தியா ஒரு ஜெட் போர் விமானத்தை உருவாக்கியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் பெயர்பெற்ற ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்த ஜெர்மானியர் குர்ட் டாங்க், பெங்களூருவுக்கு வந்து எச்.ஏ.எல். பொறியாளர்களோடு உருவாக்கிய மாருத் 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்தது. உடலமைப்பு அருமை, எஞ்சின்தான் வாய்க்கவில்லை. அந்த உடலுக்கு ஏற்ற வலுவான எஞ்சின் கடைசிவரை கிடைக்காததால், ஒலியின் வேகத்தைத் தாண்டுவதற்காக வரையப்பட்ட விமானம் சமதளப் பறத்தலில் அதைத் தாண்டாமலேயே ஓய்வுபெற்றது. 1971 போரில் பங்கெடுத்தது; மொத்தம் 147 மாருத்கள் தயாராயின. அதன்பின் நேர்ந்ததுதான் பெரிய இழப்பு. அடுத்த விமானத்துக்கு யாரும் அடி எடுத்துவைக்கவில்லை. எச்.ஏ.எல். சோவியத் மிக் விமானங்களை உரிமம் பெற்றுத் தயாரித்துக்கொண்டிருக்க, மாருத்தில் கை பழகிய வடிவமைப்பாளர்கள் ஓய்வு பெற்றார்கள். வித்தையைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போயிற்று.

1963 முதல் படையில் இருந்த மிக்-21க்கு மாற்று தேடும் கட்டாயம் 1980களில் வந்தது. 1983இல் 560 கோடி ரூபாய் முதல் ஒதுக்கீட்டோடு இலகுரகப் போர் விமானத் திட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டு அதை நடத்த ஏ.டி.ஏ. எனும் வானூர்தி மேம்பாட்டு முகமை அமைந்தது. விமானப்படை தன் தேவைகளை 1985இல் எழுதிக் கொடுத்தது. 1987இல் தொடங்கிய வடிவ வரையறைப் பணிக்கு பிரான்சின் டஸ்ஸோ நிறுவனம் ஆலோசனை தந்தது. முழுத் திட்டத்துக்கும் தலைமையேற்று நடத்தியவர் கோட்டா ஹரிநாராயணா. வால் இல்லாத முக்கோண இறக்கை அப்போது முடிவானது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பின்புறத்தில் கிடைமட்ட வால் இறக்கை இருக்காது. செங்குத்து வால் ஒன்று மட்டும் நிற்கும்.

திட்டக்காரர்கள் ஒரே நேரத்தில் நான்கு மலைகளை ஏற முயன்றார்கள்: புதிய எஞ்சின், புதிய ரேடார், கார்பன் இழைக் கலப்புப் பொருளாலான உடல், கணினிவழிப் பறத்தல் கட்டுப்பாடு. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புதிய போர் விமானமே வடிவமைக்காத ஒரு நாடு இவற்றில் இரண்டை வெளியில் வாங்கிக்கொண்டு மீதி இரண்டில் கவனம் வைத்திருக்கலாம் என்பது இன்று எளிதாகச் சொல்லக்கூடிய தீர்ப்பு. அன்று எல்லாமே சொந்தமாக வேண்டும் என்ற ஆசைதான் மேலோங்கி இருந்தது.

நான்கில் இரண்டு கைகூடின. கலப்புப் பொருள் வேலையில் பெங்களூருவின் தேசிய விண்வெளி ஆய்வகம் முக்கியப் பங்கு வகித்தது. விமான உடலின் எடையில் சுமார் 45 விழுக்காடு கார்பன் இழைப் பொருள்தான். உலோகத் தகடுகளை ஆணியடித்து இணைப்பதற்குப் பதிலாக, பிசின் தோய்ந்த இழைத்துணியை அடுக்கடுக்காக வைத்து, பெரிய அழுத்தச் சூளையில் வேகவைத்து இறக்கையின் மேற்பரப்பை எடுக்கிறார்கள். எடை குறைகிறது, துரு பிடிப்பதில்லை, ரேடார் கண்ணிலும் கொஞ்சம் தப்பலாம்.

கட்டுப்பாட்டு முறை இதைவிடச் சுவையானது. சாதாரண விமானம் தானாகவே நேராகப் பறக்க விரும்பும். தேஜஸ் அப்படியல்ல, நிலையின்மை வேண்டுமென்றே அதன் உடம்பில் வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளங்கையில் துடைப்பக் குச்சியை நிமிர்த்தி நிறுத்திப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: கை ஓயாமல் அசைந்துகொண்டே இருந்தால்தான் குச்சி நிற்கும். ஆனால் அந்தக் குச்சி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சட்டென்று சாயவும் தயாராக இருக்கிறது. சண்டையில் வேண்டியது அந்தச் சட்டென்ற திரும்பல்தான். ஓயாமல் அசையும் அந்தக் கையின் வேலையைக் கணினி பார்க்கிறது. விமானியின் கட்டுப்பாட்டுத் தண்டுக்கும் இறக்கை மடிப்புகளுக்கும் இடையே இழுத்துத் திருப்பும் கம்பியோ கயிறோ இல்லை, மின்குறிப்பு மட்டுமே. கணக்கு நான்கு தனித்தனித் தடங்களில் ஒரே சமயம் நடக்கிறது. ஒரு தடம் மாறுபட்ட விடை சொன்னால், மற்ற மூன்றும் அதை வாக்களித்து ஒதுக்கிவிடும்.

இந்த மென்பொருளைத் தயாரிக்க இந்தியப் பொறியாளர்கள் அமெரிக்காவின் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தோடு சேர்ந்து உழைத்தார்கள். 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. அமெரிக்கா தடை விதித்தது. அங்கிருந்த இந்தியர்கள் கருவிகளையும் ஆவணங்களையும் விட்டுவிட்டு நாடு திரும்ப நேர்ந்தது. மீதி வேலை பெங்களூருவிலேயே முடிந்தது. தடை சில ஆண்டுகளைத் தின்றது உண்மை. ஆனால் அந்த நிரல் இன்று யாரிடமும் கேட்காமல் திருத்திக்கொள்ளக்கூடிய சொந்தச் சரக்காக இருப்பதற்கும் அந்தத் தடைதான் காரணம்.

மீதி இரண்டும், ரேடாரும் எஞ்சினும், கைகொடுக்கவில்லை. ஜி.டி.ஆர்.இ. எனும் எரிவளிச் சுழலி ஆய்வு நிறுவனம் 1980களின் இறுதியில் தொடங்கிய காவேரி எஞ்சின், எடையில் கூடி, உந்துவிசையில் குறைந்தது. ரஷ்யாவுக்கு எடுத்துச் சென்று உயரப் பறத்தல் சோதனைகளும் செய்து பார்த்தார்கள். 2008இல் காவேரி தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மாருத்தை முடக்கிய அதே நோய் மறுபடியும் வந்ததென்றாலும், இம்முறை மாற்று மருந்து கையில் இருந்தது: அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் எஃப்-404. முதல் சோதனை விமானத்திலிருந்து இன்றுவரை தேஜஸ் பறப்பது அந்த எஞ்சினால்தான்.

முதல் விமானம் 1995 நவம்பரில் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்துவரப்பட்டு மாலை மரியாதை பெற்றது. பறக்க மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின. 2001 ஜனவரி 4 அன்று விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் பெங்களூருவில் அதை மேலெழுப்பி, 18 நிமிடங்கள் கழித்துப் பத்திரமாக இறக்கினார். 2003 ஆகஸ்டில் அது ஒலியின் வேகத்தைக் கடந்தது. அதே ஆண்டு மே மாதம் பிரதமர் வாஜ்பாய் வைத்த பெயர்தான் தேஜஸ். ஒளி, சுடர் என்று பொருள். அதுவரை எல்லோரும், இலகுரகப் போர் விமானம் என்பதன் ஆங்கிலச் சுருக்கமான 'எல்.சி.ஏ.' என்றே சொல்லிவந்தார்கள். விமானப்படைக்காரர்கள் வாயில் அந்தப் பெயர் இன்றும் புழங்குகிறது.

பறந்துவிட்டால் படையில் சேர்ந்துவிடலாம் என்பதில்லை. தொடக்கச் செயல்பாட்டு அனுமதியின் முதற்கட்டம் 2011 ஜனவரியிலும் இரண்டாம் கட்டம் 2013 டிசம்பரிலும் கிடைத்தன. முழு அனுமதி 2019 பிப்ரவரியில்தான் வந்தது. இடையில், 2015இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை முதல் வகை விமானத்தில் 53 குறிப்பிடத்தக்க குறைகளைப் பட்டியலிட்டது. அறிக்கையின் கடுமையில் நியாயம் உண்டு. தணிக்கையாளர் ஒரு கையால் பழைய தேவைப் பட்டியலையும் மறுகையால் முடிவுறாத விமானத்தையும் பிடித்துக்கொண்டு ஒப்பிட்டார் என்பதும் உண்மை. விமானப்படையும் நடுநடுவே புதுத் தேவைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தது.

2016 ஜூலை 1 அன்று இரண்டே விமானங்களோடு 45ஆம் அணி பெங்களூருவில் தேஜஸைப் படையில் சேர்த்தது. 'பறக்கும் குத்துவாள்கள்' என்பது இந்த அணியின் பட்டப்பெயர். 1999 ஆகஸ்டில் கட்ச் பகுதியில் பாகிஸ்தான் கடற்படையின் அட்லாண்டிக் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது இவ்வணியின் மிக்-21தான். 2018 ஜூலையில் அணி கோயம்புத்தூரை அடுத்த சூலூருக்கு இடம்பெயர்ந்தது. 2020 மே 27 அன்று முழு அனுமதி பெற்ற விமானங்களோடு 18ஆம் அணியும் அங்கேயே மறுபிறவி எடுத்தது. விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரரான நிர்மல் ஜித் சிங் செகோன் 1971இல் பறந்தது இந்த அணியில்தான். சூலூரில் 2024 ஆகஸ்டில் நடந்த தரங் சக்தி பயிற்சியில் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானப்படைகளோடு தேஜஸும் பறந்தது.

கடற்படைக்கான வகை 2012இல் பறந்தது. 2020 ஜனவரி 11 அன்று விக்கிரமாதித்யா விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் கொக்கி மாட்டி இறங்கிக் காட்டியது. சில நாடுகளால் மட்டுமே செய்ய முடிந்த வேலை இது. ஆனால் கப்பலிலிருந்து போதுமான ஆயுதத்தோடு கிளம்ப முடியாத அளவுக்கு எடை அதிகம் என்று கடற்படை 2016லேயே சொல்லிவிட்டது. 2025 ஏப்ரலில் 26 ரஃபால்-எம் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. கடற்படைத் தேஜஸ் சோதனை விமானமாகவே நின்றது.

முதல் பறத்தலிலிருந்து 23 ஆண்டுகள் ஒரு விமானமும் விழவில்லை. 2024 மார்ச் 12 அன்று ஜெய்சல்மேரில் ஒன்று விழுந்தது. விமானி குதித்துத் தப்பினார். 2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் சாகசம் காட்டும்போது மற்றொன்று தரையில் மோதி விங் கமாண்டர் நமன்ஷ் சயால் உயிரிழந்தார். வாங்க விரும்பும் நாடுகள் கூடி நின்ற இடத்தில் நேர்ந்தது அது. மலேசியாவுக்கு விற்கும் முயற்சி ஏற்கெனவே தோற்றிருந்தது. 2023இல் அந்நாடு தென்கொரியாவின் எஃப்.ஏ.-50ஐத் தேர்ந்தெடுத்தது.

இப்போது எதிர்பார்ப்பெல்லாம் மேம்படுத்தப்பட்ட மார்க்-1ஏ மீதுதான். மின்னணு முறையில் கதிரைத் திருப்பும் ரேடார், எதிரி ரேடாரைக் குழப்பும் கருவி, பார்வைக்கு அப்பாலும் பாயும் உள்நாட்டு அஸ்திரா ஏவுகணை ஆகியவை இதில் வரும். இறக்கைகள் கோயம்புத்தூரில் எல் அண்டு டி ஆலையில் தயாராகின்றன. 2021 பிப்ரவரியில் 83 விமானங்களுக்கு ஒப்பந்தமாயிற்று. முதல் விமானம் 2024 மார்ச் 28 அன்று பறந்தது. அதே ஆண்டு தொடங்கியிருக்க வேண்டிய ஒப்படைப்பு தொடங்கவில்லை. 2021இல் கேட்ட 99 எஞ்சின்களில் முதலாவது 2025 மார்ச்சில்தான் அமெரிக்காவிலிருந்து வந்தது. மறுபடியும் எஞ்சின்.

2025 செப்டம்பர் 25 அன்று மேலும் 97 மார்க்-1ஏ விமானங்களுக்கு 62,370 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாள் சண்டிகரில் மிக்-21 கடைசியாகப் பறந்து ஓய்வுபெற்றது. அதன் இடத்தை நிரப்பவென்று 42 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய விமானம் அன்று படையில் இரண்டே அணிகளாக இருந்தது.